வால் நறுக்கிய சொற்கள்

முத்தூரணியில் முதன்முதலாக ஒரு சொல் பொருளாகி மேசைமேல் வந்து உட்கார்ந்தது ஜூன் மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை இரண்டாம் பீரியடில், யூகேஜி வகுப்பில். வந்தது ஒரு கப். அதில் பாதி டீ இருந்தது, டீ சூடாக இருந்தது, விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் ஈரம் காயாமல் இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்ன தன்ஷிகா என்ற ஐந்து வயதுக்காரி, தான் சொன்னது சரிதானா என்று மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாளே தவிர கப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூமயில் மிஸ்ஸும், உச்சரிப்பில் குறை எதுவும் இல்லாததால், "வெரி குட்" என்றுதான் சொன்னாள்.

பூமயிலுக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டியில் விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் படித்தவள். மூன்று வருடத்தில் வகுப்பில் அவள் எழுந்து நின்று பேசியது இரண்டே முறை, இரண்டும் வருகைப் பதிவில் பெயர் விட்டுப்போனதற்காக. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் எல்லாவற்றையும் பார்ப்பாள். முக்கியமாக மனிதர்களின் வாயைப் பார்ப்பாள். எந்தச் சொல்லுக்கு உதடு குவிகிறது, எந்தச் சொல்லுக்கு நாக்கு பல்லைத் தொடுகிறது என்பதெல்லாம், மற்றவர்களுக்கு சினிமாக்காரர்களின் முகம் நினைவிருப்பதைப் போல அவளுக்கு நினைவிருந்தது. அப்படிப் பார்த்துத்தான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்: நம் ஊரில் எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நாம் ஒரு சின்ன வால் ஒட்டிவிடுகிறோம். கப்பு, மில்க்கு, சோப்பு, பெட்டு. அந்த வாலை நறுக்க வேண்டும். முட்டையை எக் என்று சொல்லும்போது முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிற யகரத்தைத் துடைக்க வேண்டும். பிறகு காற்று.

காற்றுக்கு அவள் காகிதம் வைத்திருந்தாள். முத்தூரணி அச்சகங்களின் ஊர். காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் பிள்ளைகளுக்கான படச் சார்ட்டும் அங்கேதான் அடித்து வெட்டி மடித்து வெளியூர் போகும். அவளுடைய அண்ணன் இருளப்பன் ஒரு அச்சகத்தில் வெட்டும் எந்திரத்தில் நின்றான். ஓரத்தில் விழுகிற ஒல்லிக் காகிதத் துண்டுகளைச் சாக்கில் அள்ளிவந்து தங்கைக்குக் கொடுப்பான். பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டை உதட்டுக்கு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில சொற்களுக்குக் காகிதம் பறக்க வேண்டும். பாட், டேப், கீ, கப். சில சொற்களுக்குக் காகிதம் அசையவே கூடாது, அதற்குப் பதிலாகத் தொண்டையில் விரல் வைத்தால் உள்ளே ஒரு வண்டு சுற்றுவது தெரிய வேண்டும். பந்துக்குச் சொல்லும் பால், பக்கெட், பெட். காகிதச் சொல், வண்டுச் சொல் என்று பிள்ளைகள் அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

கப் வந்த மறுநாள் தக்காளி வந்தது, அதற்கடுத்த நாள் சோப்பு வந்தது, வாரக் கடைசியில் ஒரு பித்தளைப் பூட்டுச் சாவி வந்தது. பள்ளியின் தாளாளர் தவசிலிங்கம் வகுப்பு வாசலில் நின்று ஒரு பீரியட் முழுக்கப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய், இனிமேல் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஒரு ஒயர்கூடையும் கொண்டுவர வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பினார். அவ்வளவுதான். மழைக்காலத்தில் குடை கொடுத்துவிடுவதைப் போல, அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வடக்குத் தெருத் தாய்மார்கள் கூடை கொடுத்துவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் திங்கட்கிழமை காய்கறிச் சொற்கள், செவ்வாய் பாத்திரச் சொற்கள், புதன் துணிச் சொற்கள் என்று கால அட்டவணை மாறியது. ஃப்ரிட்ஜ் எப்போது வரும் என்று கேட்ட ஒரு தகப்பனாரிடம் அது மூன்றாம் வகுப்புப் பாடம் என்று தாளாளர் பொறுமையாகச் சொன்னார்.

"மிஸ், போன வாரம் டொமாட்டோ அழுகலா வந்துச்சு," என்றாள் தன்ஷிகாவின் அம்மா, பெற்றோர் கூட்டத்தில். "பிள்ளை உச்சரிப்புல எதாச்சும் குறையா?"

"இல்லங்க. அங்க அப்படி இருந்திருக்கும்," என்றாள் பூமயில்.

"எங்க?"

பூமயில் கையெழுத்துக்கு டைரியை நீட்டினாள். அந்தம்மாவும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

எங்கிருந்து என்பது முதல் நாளே பூமயிலுக்குத் தெரியும். அந்தக் கப்பின் பிடி பாதி உடைந்து, உடைந்த இடத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. தெற்குக் காலனியில் அவளுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் வேலுத்தாய் அதில்தான் டீ குடிப்பாள். அன்று சாயந்திரம் அவள் தெருவில் நின்றுகொண்டு, "பாதி குடிச்சிக்கிட்டு இருக்கேன், கையில கப்பைக் காணோம், எந்தக் கழுதைக்கு என் எச்சி டீ மேல ஆசை?" என்று கத்திக்கொண்டிருந்ததை, பூமயில் தலையைக் குனிந்தபடி கடந்து வீட்டுக்குள் போனாள். சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு எப்போதுமே, சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும், அதற்குள் அந்த நேரம் போய்விடும்.

காலனி முதலில் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டது, பிறகு காக்கையைச் சந்தேகப்பட்டது, பிறகு ஒரு நாள் வேலுத்தாய் வடக்குத் தெரு வழியாகப் போனபோது ஒரு வீட்டுக் கொடியில் தன் மகளின் மஞ்சள் பாவாடை காய்வதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டது. பத்துப் பதினைந்து பேர் தாளாளரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

"திருடுனா போலீஸுக்குப் போகலாம். சின்னப் பிள்ளைக பேரைச் சொல்லுது, பொருள் வருது. பேரைச் சொல்றது குத்தமா? நீங்களும் சரியாச் சொல்லிக் கூப்பிடுங்க, யாரு வேண்டாங்கிறா?"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை வரும் என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற பூமயில் நினைத்தாள். ஆனால் வேலுத்தாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, அட்மிஷன் ஃபாரம் கிடைக்குமா என்றுதான் கேட்டாள். இடம் எல்லாம் நிரம்பிவிட்டது என்றார் தாளாளர்.

அதனால் அவர்கள் பூமயிலிடம் வந்தார்கள்.

"உங்க வீட்டுல மட்டும் ஒரு ஸ்பூன்கூடப் போகலையே, கவனிச்சியா?" என்றாள் வேலுத்தாய். "சரியாச் சொல்லத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வீட்டுல இருந்தா அங்க கைவைக்காது போல. எங்களுக்கும் சொல்லிக்குடு தாயி. ஒம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாலதானே போச்சு."

அன்றிலிருந்து காலனி சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு நடந்தது. வெடிமருந்து ஆலையில் கை மஞ்சளாகிப் போன பெண்களும் மூட்டை தூக்குகிற ஆண்களும் உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். பூமயில் ஒரு சொல்லைச் சொல்வாள், அவர்கள் ஒவ்வொருவராக, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை, அதைத் திருப்பிச் சொல்வார்கள். நாற்பது வருடமாக நாக்கில் ஒட்டியிருந்த வால் லேசில் அறுந்து விழவில்லை. வேலுத்தாயின் புருஷன் எதைச் சொன்னாலும் காகிதம் கிழிகிற அளவுக்கு ஊதினான். "யோவ், அடுப்பா ஊதுற?" என்று அவள் அவன் முதுகில் அடித்தாள். கூடம் சிரித்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், காலனியில் ஒரு வீட்டிலிருந்தும் ஒரு கரண்டியும் போகவில்லை என்பதை எல்லோரும் ஒரே நாளில் உணர்ந்தார்கள். அன்று பூமயிலுக்குத் தேங்காயும் பழமும் வைத்து மாலை போட்டார்கள். அவள் மாலையைக் கழற்றவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றாள்.

மறுநாள் மாலை வகுப்பில் வேலுத்தாய், காகிதம் பறக்க, வால் இல்லாமல், பாட் என்று சொன்னாள். அவள் மடிக்கு முன்னால் ஒரு பானை வந்து உட்கார்ந்தது.

அடி கரிப்பிடித்த அலுமினியப் பானை. உள்ளே கம்பங்கஞ்சி, இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.  அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். முத்தூரணி வட்டாரத்தில் அப்படிப் பிசினாக, தார் பூசியது போலக் கரிப்பிடிப்பது கண்மாய்க் கரையில் கருவேல மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்களே, தார்ப்பாய்க் கூடாரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, மரம் தீர்ந்ததும் அடுத்த கண்மாய்க்குப் போய்விடுவார்களே, அவர்களுடைய பானைதான். அவர்களிடம் ஒரு கூடாரத்துக்கு ஒரு பானைதான் இருக்கும்.

வேலுத்தாய் கொஞ்ச நேரம் கஞ்சியைப் பார்த்தாள். பிறகு, யாரிடமோ பேசுவது போல, "நம்மகிட்ட இருந்து போனப்ப யாரு கேட்டா?" என்றாள்.

அவள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் பூமயிலைப் பார்த்தார்கள். பூமயிலுக்குத் தொண்டை வரை வந்தது. பிறகு அந்த நேரம் போய்விட்டது. அவள் அடுத்த சொல்லைச் சொன்னாள். சுவரோரம் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வடக்குத் தெருவுக்கும் வந்தது கரிவாடைதான், தெற்குக் காலனிக்கும் வந்தது கரிவாடைதான். கம்பளி வந்தது, விளக்கு வந்தது, அரிவாள் வந்தது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தை மாதம் முதல் வாரத்தில் பூமயில் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே வலியப் போய்த் தாளாளரிடம் பேசினாள். அடுத்த பாடம் குடும்பம். புத்தகத்தில் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், நடுவில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

"பிள்ளைகள் அதைச் சரியாச் சொல்லிருச்சுன்னா, சார்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

தவசிலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யம்மா, வடக்குத் தெருவுல யாருக்கும்மா இன்னொரு பிள்ளை வேணும்? இருக்கிற ஒண்ணுக்கே டைரியில கையெழுத்துப் போட நேரமில்லைங்கிறாங்க. புகார் மேல புகாரால்ல வரும்! அந்தப் பாடமே வேண்டாம்."

புத்தகங்கள் எல்லாம் அச்சகத்துக்குப் போய், வெட்டும் எந்திரத்தில், குடும்பம் என்ற பக்கம் மட்டும் நறுக்கப்பட்டுத் திரும்பி வந்தன. நறுக்கியவன் இருளப்பன். நறுக்கிய பக்கங்களில் ஒன்றில்தான் அன்று அவன் மனைவிக்கு வடை மடித்து வாங்கிவந்தான்.

சீனியம்மாள் வடையைத் தட்டில் வைத்துவிட்டு, காகிதத்தை முழங்காலில் போட்டு, எண்ணெய்க் கறையோடு நீவி நீவி விரித்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். தெருவில் வளைகாப்பு என்றால் அவளைக் கூப்பிட மாட்டார்கள், அவளும் அன்றைக்கு வேலைக்கு இரண்டு ஷிப்டு போய்விடுவாள். பூமயிலின் அம்மா தை முடிவதற்குள் தன் தம்பி மகளை இருளப்பனுக்கு இரண்டாவதாகக் கேட்கப் போவதாக அடுப்படியில் வைத்தே, மருமகள் காதில் விழும்படியே, சொல்லிக்கொண்டிருந்தாள். இருளப்பன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"பூவு, இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?" என்றாள் சீனியம்மாள். படத்தில் கன்னம் உப்பிய குழந்தை ஒன்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தது.

"விடுங்க மதினி."

"மாலை வகுப்புக்கு ஒரு நாள் தப்பாம வந்தேன். பாட்டு, பக்கெட்டு எல்லாம் வால் இல்லாமச் சொல்றேன். இது ஒண்ணு சொல்லிக்குடு. வேற ஒண்ணும் கேக்கல ஒங்கிட்ட."

"அது எங்க இருந்து வரும்னு தெரியும்ல?"

சீனியம்மாள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவகளுக்கு வருஷத்துக்கு ஒண்ணு பெறக்குது," என்றாள். பிறகு, தணிந்த குரலில், "தை முடிஞ்சா நான் எங்க போவேன், சொல்லு," என்றாள்.

 மதினிதான் பூமயிலின் விடுதிக் கட்டணத்துக்காகக் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவள். இல்லை என்று சொல்லவும் முடியாமல், சொல்லிக்கொடுக்கவும் முடியாமல், அவள் இரண்டுக்கும் நடுவே இருந்த ஒரே வழியில் போனாள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள். அது வண்டுச் சொல். தொண்டை அதிர வேண்டும், காகிதம் அசையக் கூடாது. அவளோ அதைக் காகிதச் சொல் என்றாள். காகிதம் நன்றாகப் பறக்க வேண்டும், இன்னும், இன்னும் பலமாக, என்றாள்.

சீனியம்மாளைப் போல ஒரு மாணவி பூமயிலுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கப் போவதில்லை. பல் துலக்கும் முன் சொன்னாள், அரிசி களையும்போது சொன்னாள், தண்ணீர்க் குழாயடியில் குடம் நிரம்பும்வரை சொன்னாள். காகிதத் துண்டை ஜாக்கெட்டுக்குள் செருகி வைத்துக்கொண்டு, ஆலைக்குப் போகும் வேனிலும் எடுத்து உதட்டுக்கு முன் பிடித்துச் சொன்னாள். காகிதம் பட்டம் போலப் பறந்தது. ஒன்றும் வரவில்லை. "என் நாக்குதான் சரியில்ல போல, வயித்தைப் போலவே," என்று அவள் ஒரு நாள் சிரித்தாள். பூமயில் காகிதத்தை வாங்கி, அது பறக்க வேண்டிய உயரத்தை விரலால் காட்டி, "இவ்வளவு மதினி," என்றாள். தன் வாயிலிருந்து அவ்வளவு நிதானமாக ஒரு பொய் வருவது அவளுக்கே புதிதாக இருந்தது.

தை இருபத்தாறு, சனிக்கிழமை, மத்தியானம். இருளப்பனும் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு மாமா வீட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணன் கடைசியில் வாய் திறக்காமலேயே புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தான். பூமயில் வாசல் நடையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் உள்ளே, பாய்கூட விரிக்காமல், சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள். காகிதம் கையில் ஈரமாகிக் கூழாகியிருந்தது, அதை ஓரமாகப் போட்டுவிட்டாள். தாலிக் கயிற்றின் முடிச்சு தொண்டையில் உறுத்தியது, அதன்மேல் நான்கு விரலையும் வைத்துக்கொண்டாள். பிறகு, சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில், ஊதுவதற்குத் தெம்பு இல்லாமல், மெல்ல, விட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பூமயிலுக்கு அது கேட்டது. சரியாக இருந்தது. கல்லூரியில் ஒலிப்பெட்டியில் கேட்ட எந்தக் குரலையும்விடச் சரியாக இருந்தது. சிவப்புப் பேனா நோட்டின்மேல் அப்படியே நின்றது. உள்ளே ஒரு குழந்தை தும்மியது.

எட்டு மாதம் இருக்கும். பெண். இடுப்பில் கறுப்புக் கயிறு, முழங்கையிலும் கழுத்து மடிப்பிலும் கரி, உச்சந்தலையில் புகை வாடை. சீனியம்மாள் அதை மூன்று தடவை குளிப்பாட்டினாள். முதல் தண்ணீர் கறுப்பாக ஓடியது, இரண்டாவது சாம்பல் நிறமாக ஓடியது, மூன்றாவது தெளிந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் தெருவே வந்துவிட்டது. ஒருத்தி சர்க்கரை கொண்டுவந்து குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்தாள், ஒருத்தி தன் மகனின் பழைய தொட்டில் கம்பியைக் கழுவிக் கொண்டுவந்தாள், ஒன்பது வருடமாகச் சீனியம்மாளைத் தன் வீட்டு விசேஷம் எதற்கும் கூப்பிடாத ஒருத்தி அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். யாரும் எதையும் கேட்கவில்லை. வேலுத்தாய் குழந்தையின் முகவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூக்கைப் பாருங்கடி. அப்படியே இருளப்பன்," என்றாள்.

"ஆமா, ஆமா," என்றார்கள் மற்றவர்கள்.

வெயில் தாழும் நேரத்தில் கண்மாய்ப் பாதையிலிருந்து ஒரு பெண் தெருவுக்குள் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. கை முட்டிவரை கரி, தலையில் கட்டிய துண்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது, மார்புச் சேலை பாலில் நனைந்திருந்தது. அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல், வீடுகளைப் பார்த்து, "ராக்கு... ஏ ராக்கூ..." என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். சார்ட்டில் இல்லாத, எந்தப் பாடத்திலும் வராத பெயர். அந்தத் தெருவில் அது ஒரே ஒரு காதுக்குத்தான் தெரியும். உள்ளே தொட்டிலில் கிடந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் தலையைத் திருப்பியது. சீனியம்மாள் அதை வாரியெடுத்து, பால் இல்லாத தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பூமயிலை அவள் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

தெருவின் முதல் வீடு பூமயிலுடையது. அவள் எழுந்து, கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு, வாசலில் நின்றாள்.

"அக்கா, கைப்பிள்ள ஒண்ணைப் பாத்தீகளா? தூளியில போட்டுட்டு வெறகு அடுக்கப் போனேன். திரும்பி வந்து பாக்கேன், தூளி ஆடுது, பிள்ளையக் காணோம். நாய் இழுத்திருந்தா ரத்தம் கெடக்கும்ல? ரத்தம் இல்ல. அப்ப எங்கயோ உசுரோடதான் இருக்கு, இல்லக்கா? பால் கட்டிக்கிட்டு வலிக்குது. பசிக்கும் அதுக்கு."

அடுத்தடுத்த வாசல்களில் வேலுத்தாயும் அவள் புருஷனும், குங்குமம் வைத்தவளும் சர்க்கரை வைத்தவளும், வரிசையாக வந்து நின்றிருந்தார்கள். எல்லோரும் பூமயிலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தொண்டை வரை வந்தது. அந்த நேரம் போய்விடட்டும் என்று அவள் காத்திருந்தாள். அது போகவில்லை, அந்தப் பெண் நகராமல் நின்றுகொண்டே இருந்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"இல்ல," என்றாள் பூமயில்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். "இல்ல," என்றாள் வேலுத்தாய். "இல்ல," என்றான் அவள் புருஷன். அதற்கடுத்த வாசல், அதற்கும் அடுத்த வாசல், எதிர்வரிசை, தெருவின் கடைசி வீடு வரை, ஒவ்வொருவராக, அதே நிதானத்தில், அதே குரலில், மிஸ் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள்.